திரும்பி வந்த ராஜா

என்னிடம் பழைய செக்ரோல் புத்தகம் ஒன்று இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் யார் எந்த நாள் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று பெயருக்கு நேரே குறிக்கிற நீளமான புத்தகம் அது. அட்டை கழன்று, பாதிக்கு மேல் எழுதாமலே ஆபீஸ் அலுமாரியில் கிடந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து என் சதுரங்க ஆட்டங்களைக் குறித்து வைத்தேன். கொண்டுவந்தேன் என்று மரியாதையாகச் சொல்கிறேன். திருடினேன்.

அதில் ஒரு ஆட்டம் இருக்கிற பக்கம் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்துப்போயிருக்கிறது. மற்றவை நான் வென்ற ஆட்டங்கள். வென்றதை யார் திரும்பப் பார்க்கிறார்கள்? இந்த ஒன்றில்தான் தோற்றேன். அதுவும் எதிராளியின் ராஜாவைத் தனியாக்கி, கூரையைப் பிரித்து உள்ளே இறங்கிய பிறகு தோற்றேன். அந்தத் தாக்குதல் ஏன் கைகூடவில்லை என்று பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆராய்ச்சி செய்தேன். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொன்னேன். என் விளக்கம் தப்பு என்று தெரிந்த நாளிலிருந்து ஒரே ஒருவரைத் தவிர யாரிடமும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் கிடைத்து நான்கைந்து வருஷம் ஆகியிருந்தது. டயகமவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் சின்னக் கிளாக்கர். வயது இருபத்து நான்கு. ஹட்டனில் படிக்கும்போது விடுதியில் சதுரங்கம் பழகினேன். அங்கேயே ஒரு கடையில் வாங்கிய பலகையும் காய்களும் என்னோடு தோட்டத்துக்கு வந்தன. வழியில் ஒரு கோட்டை தொலைந்துபோனது. அதற்குப் பதிலாக மருந்துப் போத்தல் கார்க் ஒன்றை நிறுத்தினேன். ஆடத்தான் ஆள் இல்லை. பெரிய கிளாக்கருக்குச் சீட்டுத்தான் பிடிக்கும். ஆஸ்பத்திரி மருந்தையா ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தூங்குவார். நான் பத்திரிகையில் வருகிற சதுரங்கப் புதிர்களை வெட்டி வைத்துக்கொண்டு தனியாகப் பலகையோடு மல்லுக்கட்டுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கவ்வாத்து வெட்டுகிற ஆள் ஒருவர் கம்பளி எடுக்கத் துண்டுச் சீட்டு எழுதி வாங்க என் குவாட்டர்ஸுக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒல்லியான, நெட்டையான மனிதர். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி வெட்டி உள்ளங்கை முழுவதும் காய்ப்புக் காய்த்திருந்தது. நான் துண்டு எழுதும்வரை வராந்தாவுக்குக் கீழே நின்று பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்தக் குதிரைய நவுத்துனா முடிஞ்சுருச்சுங்களே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மூன்று நாளாக நான் முட்டி மோதிக்கொண்டிருந்த புதிர் அது. குதிரையை நகர்த்திப் பார்த்தேன். முடிந்துதான் இருந்தது.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"முந்தியிருந்த தொரை பங்களாவுல மூணு வருசம் மேச வேலை பாத்தேனுங்க. தொரைக்கு ஆடுறதுக்கு ஆள் கெடையாது. என்னையப் பழக்கிக்கிட்டாரு. அவரு உக்காந்து ஆடுவாரு, நான் நின்னுக்கிட்டு ஆடுவேன்."

அந்தத் துரை சீமைக்குத் திரும்பியதும் இவர் மறுபடியும் மலைக்கு, கவ்வாத்துக்கு வந்துவிட்டார். அந்த நாளிலிருந்து ஞாயிறு பிற்பகல்களில் அவர் எனக்கு ஆட்டத்துணை ஆனார். வராந்தாவின் அரைச்சுவரில் பலகையை வைப்பேன். நான் மேலே நாற்காலியில் இருப்பேன். அவர் கீழே வாசலில் நிற்பார். பலகை அவருக்கு நெஞ்சு உயரத்துக்கு வரும். மழை தூறினால் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பார். வரிசை அறைகளான லயத்தில் குடியிருக்கிற தொழிலாளி, உத்தியோகத்தர்களான எங்கள் ஸ்டாஃப் வீட்டு வராந்தாவில் உட்காருகிற வழக்கம் அப்போது கிடையாது. யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை. நானும் அதை யோசித்ததில்லை. அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். இந்த 'அவர்' எல்லாம் இதை எழுதப் பேனா பிடித்த பிறகு வந்த மரியாதை.

பதினைந்து ஆட்டங்களுக்குக் குறையாமல் ஆடியிருப்போம். எல்லாவற்றிலும் நான்தான் வென்றேன். ஒவ்வொரு முறையும் அவர் கடைசிவரை வந்து மயிரிழையில் தோற்பார். "ஐயா பெரிய ஆட்டக்காரருங்க" என்பார். நானும் உச்சி குளிர்ந்து உள்ளே போய் அதைப் புத்தகத்தில் எழுதுவேன்.

அந்தக் காலத்தில் லயங்களில் வேறு பேச்சே கிடையாது, பிரஜாவுரிமைதான். சுதந்திரம் வந்த கையோடு, இங்கே பிறந்து வளர்ந்தவர்களும் நாங்கள் இந்த நாட்டவர்கள் என்று விண்ணப்பம் போட்டு நிரூபிக்க வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் இடைவிடாமல் இங்கேயே இருந்தேன் என்று காட்ட வேண்டும். தோட்டத்து ஆளுக்கு அதற்கு ஒரே சாட்சி செக்ரோல்தான். அதில் பெயர் தொடர்ந்து இருந்தால் தப்பித்தான். நடுவில் பெயர் இல்லாத வருஷம் இருந்தால், அந்த வருஷம் இந்தியாவில் இருந்திருப்பாய் என்று விசாரணைக்காரர் சொல்லிவிடுவார். என்னுடைய விண்ணப்பத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. அதை நானே எழுதினேன், நானே தாள்களைச் சேர்த்தேன்.

அவருடைய பெயரும் செக்ரோலில் இருந்தது, மூன்று வருஷம் தவிர. பங்களாவில் மேசை வேலை பார்த்த மூன்று வருஷம் அது. பங்களா ஆட்களின் பெயர் செக்ரோலில் வராது. அவர்களுக்கு வேறு ஒரு சின்னப் புத்தகம். அந்தப் புத்தகத்தைப் பார்த்து, இந்த ஆள் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை இந்தத் தோட்டத்துப் பங்களாவில்தான் இருந்தார் என்று தோட்டக் கடுதாசியில் நாலு வரி எழுதி முத்திரை குத்த வேண்டும். பத்து நிமிஷ வேலை. பெரிய கிளாக்கர் லீவில் இருந்தார். ஆபீஸ் சாவியும் முத்திரையும் என்னிடம் இருந்தன. இந்த மாதிரிச் சின்னக் கடுதாசிகளில் துரைக்குப் பதிலாக நானே கையெழுத்துப் போடுவதும் வழக்கம்தான்.

விசாரணைக்கு வரச் சொல்லி அவருக்கு வந்த அறிவித்தல் வியாழக்கிழமைத் தபால் பையில் இருந்தது. நான் அதைச் சனிக்கிழமை சாயங்காலம்தான் கொடுத்தேன். ஏன் என்று கேட்டால் காரணம் இல்லை. மறந்துவிட்டேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நுவரெலியாவில் விசாரணை.

ஞாயிறு பிற்பகல் அவர் வந்தார். அன்று வெள்ளை வேட்டி கட்டியிருந்தார்.

"ஐயா, அந்தக் கடுதாசி ஒண்ணு எழுதிக் குடுத்தீங்கன்னா பெரிய ஒத்தாசையா இருக்கும். நாளைக்கு வெடியக்காலம் பஸ்சுக்குப் போகணுங்க."

"அதுக்கென்ன. ஒரு ஆட்டம் போட்டுட்டு எழுதிக்கலாம்" என்றேன்.

எனக்கு அன்று ஆடியே தீர வேண்டும். அந்த வாரப் பத்திரிகையில் ஒரு தாக்குதல் வந்திருந்தது. நம்முடைய மந்திரியை வேண்டுமென்றே பலி கொடுத்து எதிராளி ராஜாவின் காவலை உடைக்கிற வித்தை. அதை யார்மீதாவது பிரயோகித்துப் பார்க்க எனக்குக் கை துறுதுறுத்துக்கொண்டிருந்தது. அவர் ஆபீஸ் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு பலகைக்கு முன்னால் வந்து நின்றார்.

சதுரங்கம் தெரியாதவர்களுக்கும் புரிகிறமாதிரி சொல்லிவிடுகிறேன். அவருடைய ராஜா என் பார்வைக்கு வலது மூலைக்கு ஒரு கட்டம் தள்ளி, மூன்று சிப்பாய்களின் பின்னால் பத்திரமாக நின்றார். நான் என் மந்திரியால் ஓரத்துச் சிப்பாயை வெட்டி "செக்" என்றேன். ராஜா மந்திரியை வெட்டினார். என் ராணி ஓரத்து வரிசையில் வந்து மறுபடியும் செக் வைத்தது. ராஜா பழைய கட்டத்துக்கே போனார். இப்போது அந்த ஓரம் முழுவதும் திறந்து கிடந்தது. இனி என் கார்க் கோட்டை வந்து ராணியின் முதுகுப் பக்கம் நின்றுவிட்டால் போதும். ராணி நேராக மூலைக் கட்டத்துக்குப் போய் ராஜாவின் பக்கத்திலேயே நிற்கலாம். பின்னால் கோட்டையின் காவல் இருப்பதால் ராஜாவால் ராணியை வெட்ட முடியாது. தப்பி ஓடக் கட்டமும் கிடையாது. ஆட்டம் முடிந்தது.

கோட்டை அங்கே வந்து சேர இரண்டு நகர்வு வேண்டும். ஒன்றை நகர்த்தினேன். அடுத்ததை நகர்த்தப் போகும்போது என் ராஜாவைப் பற்றி எனக்குப் பயம் வந்தது. அவருடைய ராணி என் வீட்டு வரிசைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது? தப்பிப்பதற்கு ஒரு ஜன்னல் இருக்கட்டும் என்று என் ராஜாவின் பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினேன். அந்த இடைவெளியில் அவர் தன் ராஜாவை ஒட்டி நின்ற கோட்டையைத் தள்ளி வைத்துக் கதவைத் திறந்துவிட்டார். என் கார்க் வந்து நின்றது. அவருடைய ராஜா அந்தக் கதவு வழியாக ஒரு கட்டம் நகர்ந்தார். நான் மனசுக்குள் ராணியை மூலைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். செக் விழும், ஆனால் ராஜா இன்னும் ஒரு கட்டம் நடந்து நடுவுக்குப் போய்விடுவார். பிரயோசனம் இல்லை என்று அந்த நகர்வை அடித்துவிட்டு வேறு எங்கோ ஒரு குதிரையை நகர்த்தினேன்.

இனி அவருடைய ராஜா நடுவுக்குப் போய்விட்டால் தாக்குதல் அவ்வளவுதான். சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். அவர் வெகுநேரம் பலகையைப் பார்த்தார். தூறல் போட ஆரம்பித்திருந்தது. பிறகு ராஜாவை எடுத்து, நடுவுக்கு அல்ல, பழைய கட்டத்துக்கே திருப்பி வைத்தார்.

எனக்கு உடனே சந்தேகம் வந்தது. ஆபீசில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். லயத்து ஆள் பூசணிக்காயோடு வாசலில் நின்றால் பின்னால் ஏதோ துண்டு கேட்கப் போகிறார் என்று அர்த்தம். சும்மா ஒரு பொருளை அவர்கள் தர மாட்டார்கள், தந்தால் அதில் சூது இருக்கும் என்று பெரிய கிளாக்கர் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். நானும் சூதைத் தேடினேன். அவருடைய ராணி என் வீட்டு வரிசையை நோக்கி நிற்பது கண்ணில் பட்டது. ஓகோ, என் கோட்டையை இங்கேயே கட்டிப்போட்டுவிட்டு அங்கே நுழையப் பார்க்கிறாரா! ராணியை மூலைக்குக் கொண்டுபோகிற நகர்வை நான் திரும்பப் பார்க்கவே இல்லை. அதைத்தான் முன்பே அடித்துவிட்டேனே.

நான் கார்க்கைப் பின்னால் இழுக்கக் கை வைத்தேன்.

"ஐயா, அவசரமில்லீங்க. நல்லாப் பாத்து வைங்க" என்றார்.

"எனக்கு நீ படிச்சுக் குடுக்குறியா?"

நான் கோட்டையை வீட்டு வரிசைக்குக் கொண்டுபோனேன். என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தேன். அதன்பிறகு அந்த ஆட்டத்தில் என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. பலி கொடுத்த மந்திரி போனது போனதுதான். நான் வைத்த காயெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று விழுந்தது. அவர் செக் என்றுகூடச் சொல்லவில்லை. என் ராஜாவுக்கு வழி அடைத்துவிட்டது என்று நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

நான் பலகையைத் தட்டிவிட்டேன். காய்கள் வராந்தாவிலும் வாசல் சேற்றிலும் சிதறின. எழுதவே கை கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது.

அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். சேற்றில் விழுந்ததை வேட்டியில் துடைத்தார். கார்க் என் நாற்காலிக்குக் கீழே உருண்டிருந்தது. அதற்காக முதன்முறையாக வராந்தாவில் ஏறி, என் காலடியில் கையை நீட்டி எடுத்தார். எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடி அரைச்சுவரில் வைத்தார்.

"ஐயா, கடுதாசி..."

"நாளைக்கு ஆபீசுல வந்து வாங்கிக்க. ஞாயித்துக்கெழமை ஆபீசு கெடையாதுன்னு தெரியாதா?"

"நாளைக்குக் காலைல விசாரணைங்களே ஐயா."

"அப்ப நீ போ. நான் தபால்ல அனுப்புறேன். நான் அனுப்புவேன்னு அங்க சொல்லு, போதும்."

"சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டுக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அவர் பின்னாலேயே கூப்பிட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் எழுதியிருக்கலாம். சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. கோபம் ஆறினபாடில்லை. மறுநாள் மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஆறியது. அப்போது உட்கார்ந்து நல்ல கையெழுத்தில், பிழையில்லாத இங்கிலீஷில் கடுதாசியை எழுதினேன். செவ்வாய்க்கிழமைத் தபாலில் போட்டேன். என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே திருப்தியாக இருந்தது.

விசாரணையில் நடந்ததை அவரோடு போன கங்காணி, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் சொன்னார். அந்த மூன்று வருஷம் எங்கே இருந்தாய் என்று கேட்டார்களாம். பங்களாவில் என்றாராம். சாட்சி எங்கே என்றார்களாம். "சின்னக் கிளாக்கர் ஐயா கடுதாசி அனுப்புவாருங்க, சொன்னா சொன்னபடி செய்வாரு" என்றாராம். அவர்கள் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்களாம். சில மாதம் கழித்து முடிவு வந்தது. அதுவும் என் தபால் பையில்தான் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் நானே அவருக்குப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"தள்ளிட்டாங்க" என்றேன். "அப்பீல் பண்ணலாம். பாப்பம்."

"சரிங்க ஐயா" என்றார். அந்தத் தாளைத் திருப்பித் தர வேண்டுமா என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன். அப்பீலை நான் பார்க்கவில்லை. பெரிய கிளாக்கர் திரும்பி வந்தார், வேலை அதிகமாக இருந்தது, துரைக்கு இந்த விஷயங்களில் தலையிடுவது பிடிக்காது. இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் எத்தனையோ.

இதைவிட வெட்கமானது ஒன்று இருக்கிறது. நான் அவரை மறுபடியும் ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன். அவரும் வந்தார். அதே வாசலில் நின்று ஆடினார். வரிசையாக எல்லா ஆட்டத்திலும் தோற்றார். என் ஆட்டம் தேறிவிட்டது என்று நான் நினைத்தேன். ஒரு தோல்வி வந்தால்தான் ஆளுக்குப் புத்தி தெளியும் என்று மருந்தையாவிடம்கூடப் பேசினேன்.

பிறகு எனக்குத் திம்புள்ளப் பக்கம் வேறு தோட்டத்துக்கு மாற்றம் கிடைத்தது. கலியாணமானது. பெரிய கிளாக்கர் ஆனேன். செக்ரோல் புத்தகமும் கூடவே வந்தது. அந்தத் தோற்ற ஆட்டத்தை யாருக்குக் காட்டினாலும், என் ராஜாவுக்கு ஜன்னல் வைக்க ஒரு சிப்பாயைத் தள்ளினேன் அல்லவா, அங்கேயே நிறுத்திவிடுவேன். "பாத்தீங்களா, தாக்கும்போது தாக்கணும். வீட்டைப் பத்தி யோசிச்சேன், கெட்டேன்" என்று பிரசங்கம் செய்வேன். அதற்கு அப்பால் நடந்ததை நான் பார்ப்பதே இல்லை. கணக்கில் ஒரு பிழை அகப்பட்டதும் புத்தகத்தை மூடிவிடுகிற கிளாக்கர் புத்தி.

இந்த நாட்டுப் பெரியவர்களும் இந்தியப் பெரியவர்களும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டு, பிரஜாவுரிமைக் கடுதாசி இல்லாத எங்கள் ஜனங்களை உனக்கு இவ்வளவு எனக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்த மறுவருஷம், எங்கள் தோட்டத்துக்கு ஒரு புது டீமேக்கர் வந்தார். தேயிலை ஃபாக்டரிக்குப் பொறுப்பானவர், நன்றாகச் சதுரங்கம் ஆடுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் அந்த ஆட்டத்தைக் காட்டிப் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி மேற்கொண்டு காய்களை நகர்த்தினார். ஒரு இடத்தில் நின்றார்.

"இது என்னங்க? ராஜா ஏன் திரும்பி வந்துச்சு?"

"அது ஒரு சூது" என்றேன்.

"சூதா?" டீமேக்கர் என் ராணியை ஒரு விரலால் மூலைக்குத் தள்ளினார். "மேட்."

"கதவு தொறந்துதானே கெடக்கு. அந்தப் பக்கம் ஓடிருமே."

"எங்க ஓடும்? ராணி அதே வரிசையிலதான நிக்குது. கதவுக் கட்டத்துக்குப் போனாலும் அதோட வாயிலதான். ஒரே காய்ங்க. நீங்க பாக்கலியா?" அவர் சிரித்தார். "இவ்வளவு நல்லா ஆடுன ஆளு இப்படி ராஜாவத் திருப்பி வைக்க மாட்டான். தவறிப்போய் வச்ச காய் இல்ல இது. உங்களுக்குக் குடுத்துருக்கான்யா. யாரு இந்த ஆளு?"

பழைய பக்கங்களைப் புரட்டினேன். அவர் மயிரிழையில் தோற்ற ஆட்டங்கள் எல்லாவற்றிலும் முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் அதே மாதிரி ஒரு நகர்வு இருந்தது. எங்கேயாவது ஒரு குதிரை தேவையில்லாமல் ஒதுங்கியிருக்கும், எங்கேயாவது ஒரு சிப்பாய் சும்மா நகர்ந்திருக்கும். நான் ஒரு ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை. அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தந்திருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், கடுதாசி வேண்டியிருந்த அன்று மட்டும்தான், அவரால் தோற்க முடியாமல் போயிற்று. மந்திரியை வாரி இறைத்துவிட்டு நின்ற என்னை ஜெயிக்க வைக்க அவருக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது. அதைக் கையில் கொடுத்தும் வாங்கத் தெரியாத முட்டாளாக இருந்திருக்கிறேன்.

இரண்டு மாதம் அதை மனசில் போட்டுப் புரட்டிவிட்டு ஒரு தைப்பொங்கல் லீவில் டயகமவுக்குப் போனேன். அவர் அதே லயத்தில்தான் இருந்தார். தலை நரைத்திருந்தது. கை நடுக்கம் வந்து கவ்வாத்திலிருந்து எடுத்து, புல்லு வெட்டப் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவருடைய மனைவி நாலு வீடு தள்ளி யாரிடமோ ஓடி ஒரு நாற்காலி வாங்கிவந்து லயத்து வாசலில் போட்டார். நான் உட்கார்ந்தேன். குடிக்கச் சாயத்தண்ணி, பால் சேர்க்காத தேநீர், வந்தது.

இந்தியாவுக்குப் போகிறவர்களின் பெயரைப் பதியப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுவதாகச் சொன்னார். "பதிஞ்சுற வேண்டியதுதாங்க. இங்கதான் பொறந்தேன், அங்க ஒருத்தரையும் தெரியாது. மூத்த மகளுக்கு இங்க கடுதாசி இருக்கிற எடத்துல கலியாணமாயிருச்சு, அவ வர மாட்டா. நாங்க ரெண்டு பேரும் சின்னவனும் போகணும்."

பஸ்ஸில் வரும்போது எத்தனையோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது ஆட்டத்தின் பேச்சுத்தான்.

"அந்த ஞாயித்துக்கெழம ஆட்டம் ஞாபகம் இருக்குங்களா?" என்று கேட்டேன். அவரிடம் நான் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அவருடைய மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"மறக்குமாங்க, ஐயா."

"ராஜாவ ஏன் திருப்பி வச்சீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார். "ஐயா கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"ரெண்டு மாசத்துக்கு முந்தித்தான்."

"நானும் அத ரொம்ப யோசிச்சிருக்கேனுங்க. கவ்வாத்து வெட்டும்போதெல்லாம் அந்தப் பலகைதான் கண்ணு முன்னால நிக்கும். மொதல்ல வெளையாட்டு மும்மரத்துல கதவத் தொறந்துட்டேன். அப்பறந்தான் கடுதாசி நெனப்பு வந்துச்சு. ராஜாவத் திருப்பி வச்சேன். அது பத்தலைங்க. ராணியத் தூக்கி ஐயா கைக்கு நேரா வச்சிருக்கணும். அப்படி வச்சா, வேணும்னே குடுக்குறேன்னு ஐயாவுக்குத் தெரிஞ்சு கோவம் வந்துருமோன்னு பயந்துட்டேன். அதான் நைசா வச்சேன். ரொம்ப நைசாப் போயிருச்சு. தப்பு என்னுதுதாங்க, ஐயா."

"ஐயையோ, தப்பு என்னுதுங்க" என்றேன்.

"ஐயா அப்படியெல்லாம் சொல்லக்கூடாதுங்க" என்று அவர் பதறினார். நான் அழுதுவிடுவேனோ என்று அவருக்குப் பயமாகிவிட்டது. மனைவியிடம் இன்னும் ஒரு சாயத்தண்ணி ஊற்றச் சொன்னார்.

"உக்காருங்களேன்" என்றேன்.

"இருக்கட்டுங்க, ஐயா."

அங்கே இருந்தது ஒரே நாற்காலி. அதில் நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது சாயத்தண்ணியையும் குடித்து முடிக்கும்வரை அவர் என் முன்னால் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து நின்றிருக்கலாம் என்பது தலவாக்கலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.